பூட்டு தொறந்தாச்சு, பொறவு ஏன் கால் போகல?

வள்ளியூரில் இருக்கும் அக்காவுக்கு அவள் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு போன் கொடுத்துவிட்டான். நம்ம ஊர் சிம்மைப் போட்டால் ஏற்கவில்லை.

சிம்முக்குள் பெரும்பாலும் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் நாடு: இந்தியாவுக்கு 404, 405, அமீரகத்துக்கு 424. அடுத்து வருவது கம்பெனி. தவணைக்குப் போன் விற்கிறவர்கள், தங்கள் எண் இல்லாத சிம்மை ஏற்காதபடி போனைப் பூட்டிவிடுகிறார்கள். பாக்கியை அடைத்துவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் அவர்களே திறந்துவிடுவார்கள். மருமகன் அதைச் செய்து முடித்தான்.

டவர் ஒரு கோடு வந்தது. நெட் ஊர்ந்தது. "ஏலே தம்பி, பூட்டு தொறந்தாச்சுல்லா, பொறவு ஏன் கால் போகல?" என்றாள் அக்கா.

முதல் காரணம் போனுக்குள் இருக்கும் சல்லடைகள். எஃப்எம், வைஃபை, பல டவர்கள் என்று எல்லா அலையும் ஆன்டெனாவில் கலந்துதான் விழும். வேண்டியதைச் சலித்தெடுக்க அரிசிமணியை விடச் சிறிய படிகச் சில்லுகள் உண்டு. படிகத்தில் மின்அலை ஒலிஅலையாக மாறி ஓடும். ஒலியின் வேகம் குறைவு என்பதால் 33 செ.மீ. நீளமுள்ள 900 மெகாஹெர்ட்ஸ் அலை அங்கே சில மைக்ரானாக, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் இத்தனை சின்ன இடத்தில் அடங்குகிறது. எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது. படிகத்தின் மேல் பதித்த உலோகக் கோடுகளின் இடைவெளிக்குப் பொருந்தும் அலை மட்டும் தேறி, மறுமுனையில் திரும்ப மின்அலையாகும். ஃபேக்டரியில் பதித்த இடைவெளியை எந்த சாஃப்ட்வேராலும் மாற்ற முடியாது.

நம் 4ஜி பெரும்பாலும் 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அமெரிக்காவில் 600, 700, 1900 எல்லாம் உண்டு. ஒவ்வொரு அலைவரிசைக்கும் பேண்ட் என்று ஒரு எண் உண்டு. அக்காவின் போனில் பேண்ட் 2, 4, 5, 12, 66 மட்டும். நமக்குப் பொருந்துவது 5, அதாவது 850 ஒன்றுதான். இன்னொரு காரணம், அக்காவின் சிம் ஜியோ. 2ஜி, 3ஜி இல்லாத ஜியோவில் பேச்சும் 4ஜி வழியாகவே போகவேண்டும். அதற்கு அந்த கம்பெனிக்கான அமைப்பு போனிலேயே இருக்கவேண்டும். இதில் இல்லை.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாப் போன்கள் பெரும்பாலும் தடங்கலின்றி ஓடக் காரணம், அங்கேயும் 900, 1800 புழங்குவதுதான். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை நம்ம ஊர் சாக்கெட்டில் பொருத்த ஒரு அடாப்டர் போதும்.

அடுத்த போனை வாங்குமுன் மாடல் எண்ணை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பேண்ட் 3, 5, 8, 40 இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தப் போனில் அக்கா வீட்டு வைஃபையில் பேரனோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறாள். மற்ற கால்களுக்குப் பழைய பட்டன் போன்தான்.