எதிர்வீட்டுக்காரருக்கு ஏன் வேறு பிரதிநிதி?

"தம்பி, நீங்கதான் மேப் வேலைல இருக்கீங்களே, ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்து ஓட்டு கேக்கறார், எதிர்வீட்டுக்கு வேற ஒருத்தர் போறார். ஒரே தெரு, ஒரே ஸ்கூல், ஒரே குப்பை வண்டி. அதெப்படி?"

2017 அக்டோபரில், வடக்கு வர்ஜீனியாவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் தட்டோடு ஒரு மாமா கேட்டது இது. குடியுரிமை வாங்கி அவர் போடப்போகும் முதல் ஓட்டு. தெருவின் நடுக்கோட்டில் தொகுதி எல்லை போகிறது மாமா என்றேன். அவர் விடவில்லை. "அந்தக் கோட்டை யார் போட்டா?" "நீங்க யாருக்கு ஓட்டுப் போடப் போறீங்களோ, அவங்கதான்" என்றேன். சிரித்தார். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

என் தொழில் ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபட வேலை. ஒரு முகவரி எந்தப் பள்ளிக்கு, எந்தத் தீயணைப்பு நிலையத்துக்கு, எந்த வாக்குச்சாவடிக்குச் சேரும் என்று கணினிக்குச் சொல்லித்தரும் வேலை. சலிப்பான வேலைதான், ஆனால் கோடு ஒரு இருபதடி தள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதே 2017 தேர்தலில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம் 28-வது தொகுதியில் 147 பேருக்குத் தவறான தொகுதியின் வாக்குச்சீட்டு போய்விட்டது. பதிவேட்டில் அவர்களின் வீடுகள் கோட்டுக்குத் தவறான பக்கம் இருந்தன. ஜெயித்தவரின் வித்தியாசம் 73 ஓட்டு. மறுதேர்தல் நடக்கவில்லை.

அது தெரியாமல் நடந்த பிழை. நான் எழுத வந்தது தெரிந்தே போடும் கோடுகளைப் பற்றி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தொகுதி மறுவரையறை என்றதும் நம் ஊரில் இருப்பவர்களுக்கு 2025-ல் சென்னையில் கிளம்பிய சண்டை ஞாபகம் வரும். அது எந்த மாநிலத்துக்கு எத்தனை நாடாளுமன்ற இடங்கள் என்ற சண்டை. அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை பத்து வருடத்துக்கு ஒருமுறை சென்சஸ் முடிந்ததும் கணக்குப்போட்டுத் தானாக மாறிவிடும், அதில் பெரிய தகராறு இல்லை. இங்கே தகராறெல்லாம் மாநிலத்துக்குள் கோடு எங்கே போகிறது என்பதில். இந்தியாவில் கோடு போட ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அந்த மாநிலச் சட்டமன்றமேதான் போடும். நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் அவர்கள்தான், தங்கள் சொந்தத் தொகுதிகளுக்கும் அவர்களேதான்.

எப்படி ஏமாற்றலாம் என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. 50 வீடு, 5 தொகுதி, தொகுதிக்கு 10 வீடு. 30 வீடு சிவப்புக் கட்சி, 20 வீடு நீலக் கட்சி. கோடு போடும் பேனா நீலத்தின் கையில் இருந்தால், மூன்று தொகுதிகளில் ஆறுக்கு நாலு என்று தன் ஆட்களைப் பரப்பிவிட்டு, மிச்சம் இரண்டில் சிவப்பை ஒன்பது ஒன்பதாக அடைத்துவிடலாம். 20 வீட்டை வைத்துக்கொண்டு ஐந்தில் மூன்று இடம். கள்ள ஓட்டு இல்லை, பெட்டி தூக்கல் இல்லை. எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருப்பார்கள். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்துப் போட்ட ஒரு தொகுதி பல்லி மாதிரி, அதாவது சாலமாண்டர் மாதிரி வளைந்து கிடந்ததால் இதற்கு கெர்ரிமாண்டர் என்று பெயர் வந்தது.

அன்றைக்குக் காகிதம், இன்றைக்கு மேப்டிட்யூட் போன்ற மென்பொருள். திரையில் ஒரு பக்கம் வரைபடம், இன்னொரு பக்கம் அட்டவணை. ஒரு சென்சஸ் பிளாக்கை, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிரித்த சின்னத் துண்டைச் சொடுக்கி இந்தத் தொகுதியிலிருந்து அந்தத் தொகுதிக்கு நகர்த்தினால், மக்கள்தொகை, இனவாரி விகிதம், போன தேர்தலில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்ற எண்கள் எல்லாம் அந்த நொடியே மாறும். வர்ஜீனியாவில் வாக்காளர்கள் கட்சி சொல்லிப் பதிவு செய்வதில்லை, அதனால் நாங்கள் தப்பித்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. பழைய தேர்தல்களின் சாவடிவாரி முடிவு போதும். இன்னொன்றும் சொல்கிறேன்: விகாரமான வடிவத்தைத் தேடி ஏமாறாதீர்கள். சதுரமாக, பார்க்க லட்சணமாக இருக்கும் தொகுதியிலும் இந்த வேலையை அழகாகச் செய்யலாம். நெளிந்து வளைந்த தொகுதி சில சமயம் ஒரு மலையையோ ஆற்றையோ மட்டும்தான் பின்தொடர்ந்திருக்கும்.

சரி, வர்ஜீனியா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் சீர்திருத்தம் யாருக்கு எப்போது பிடிக்கும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் மாநிலம் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 100 பேர், மேலவையில் 40 பேர். 2011-ல் கோடு போட்டபோது கீழவை குடியரசுக் கட்சியிடம், மேலவை ஜனநாயகக் கட்சியிடம். என்ன செய்தார்கள்? நீ உன் அவைக்குப் போட்டுக்கொள், நான் என் அவைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். கீழவை வரைபடத்தில் 12 தொகுதிகளுக்கு ஒரே அளவுகோல்: ஓட்டுப் போடும் வயதுள்ளவர்களில் குறைந்தது 55 சதவீதம் கறுப்பின மக்கள் இருக்க வேண்டும். பார்க்க அவர்களுக்குப் பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனால் அவர்களை அங்கே அடைத்துவிட்டால் பக்கத்துத் தொகுதிகளில் அவர்கள் ஓட்டுக்கு எடை இருக்காது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2018 ஜூனில் பெடரல், அதாவது மத்திய நீதிமன்றம் 11 தொகுதிகளைச் செல்லாது என்றது. 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநில அரசு மேல்முறையீடு செய்யாதபோது கீழவை மட்டும் தனியாக வழக்காட முடியாது என்று சொல்லி முடித்துவைத்தது. பத்தே நாள் கழித்து, ரூச்சோ என்ற இன்னொரு வழக்கில், கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவதை பெடரல் நீதிமன்றங்கள் விசாரிக்கவே முடியாது என்று ஐந்துக்கு நாலு தீர்ப்பு. ஆகவே இனத்தை வைத்துக் கோடு போட்டால் பெடரல் கோர்ட்டுக்குப் போகலாம், கட்சியை வைத்துப் போட்டால் மாநிலத்துக்குள்ளேயே அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் அந்த 2017 தேர்தல். மாநிலம் முழுக்கக் கூட்டினால் ஜனநாயகக் கட்சிக்குப் பாதிக்கு மேல் வாக்கு. ஆனால் நூறில் 49 இடம் உறுதி, ஒன்று இழுபறி. நியூபோர்ட் நியூஸில் 94-வது தொகுதி. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார், மறுநாள் ஒரு சந்தேகச் சீட்டை நீதிபதிகள் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்குச் சேர்த்துவிட, இருவருக்கும் 11,608. சட்டப்படி குலுக்கல். 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயரையும் ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது, 51-49 என்று அவை குடியரசுக் கட்சியிடம் நின்றது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்த நமக்குக் குடவோலை புதிதில்லை, ஆனால் ஒரு மாநிலக் கீழவையின் பெரும்பான்மையே குடத்துக்குள் கிடந்ததை நேரலையில் பார்த்தபோது கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

அந்தக் கிண்ணம்தான் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது என்பது என் எண்ணம். ஒற்றை இடத்தில் தொங்கும் கட்சிக்கு, அடுத்த தேர்தலில் நாம் இருக்க மாட்டோமோ என்ற பயம் வந்துவிட்டது. வருடக்கணக்காகச் சீர்திருத்த மசோதாக்களைக் குழுவிலேயே புதைத்துக்கொண்டிருந்த அதே கீழவை, 2019 தொடக்கத்தில் கோடு போட ஓர் ஆணையம் அமைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சம்மதித்தது. ஆனால் இங்கே திருத்தம் ஒருமுறை நிறைவேறினால் போதாது. இடையில் ஒரு தேர்தல் நடந்து, புது அவையும் அதே வாசகத்தை எழுத்து மாறாமல் நிறைவேற்றி, அப்புறம் மக்கள் வாக்கெடுப்பு. 2019 நவம்பரில், கீழவைக்குக் கோர்ட் திருத்திய புதுக் கோடுகளில் தேர்தல் நடந்து, ஜனநாயகக் கட்சி 55-45, 21-19 என்று இரண்டு அவைகளையும் பிடித்தது. ஆளுநரும் அவர்கள் ஆள்தான்.

இப்போது பேனா அவர்கள் கையில். அதுவரை சீர்திருத்தம் சீர்திருத்தம் என்று கத்தியவர்களுக்குத் திடீரென்று சந்தேகங்கள் முளைத்தன. எல்லாம் பொய்ச் சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். ஆணையத்தில் சிறுபான்மையினருக்கு இட உறுதி இல்லை, ஆணையம் முட்டிக்கொண்டால் முடிவு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும், அந்த நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் சட்டமன்றமே என்று கறுப்பின உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. ஆனாலும் முந்தின வருடம் கைதூக்கிய பலர் இந்த வருடம் தூக்கவில்லை. 2020 மார்ச்சில் கீழவையில் 54-46 என்று தப்பிப் பிழைத்தது: எதிர்க்கட்சியாகிவிட்ட 45 குடியரசுக் கட்சியினர், கூடவே ஆளுங்கட்சியிலிருந்து ஒன்பதே பேர். நவம்பரில் மக்கள் சுமார் 66 சதவீதம் ஆதரித்தார்கள். ஒரே வாசகம்தான், ஒரு கமா கூட மாறவில்லை. யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்பது மட்டும் மாறியது, அதோடு ஆதரவும் எதிர்ப்பும் இடம் மாறிக்கொண்டன.

வந்த ஆணையம் எப்படி இருந்தது? 16 பேர், எட்டு சட்டமன்ற உறுப்பினர்கள், எட்டு பொதுமக்கள், கட்சிக்குப் பாதி. சட்டமன்ற உறுப்பினர்கள் எட்டில் ஆறு பேர், பொதுமக்கள் எட்டில் ஆறு பேர் சம்மதிக்க வேண்டும். சமநிலை வந்தால் உடைக்க ஒருவரும் இல்லை. தொழில்காரனாக நான் தலையில் அடித்துக்கொண்டது வேறொரு இடத்தில்: கட்சிக்கு ஒரு வரைபட வல்லுநர், கட்சிக்கு ஒரு வழக்கறிஞர் என்று இரட்டை இரட்டையாக அமர்த்தினார்கள். இரண்டு பேர் தனித்தனியாக வரைந்த தொகுதி வரைபடங்களை ஒட்டிச் சேர்க்க முடியாது. ஒரு தொகுதியை நகர்த்தினால் அடுத்தது நகரும், அது மாநிலத்தின் மறுகோடி வரை போகும். 8,631,393 பேரை நூறு தொகுதிக்குச் சுமார் 86,300 என்று பங்கிட வேண்டும், எங்கே ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தாலும் இன்னொரு பக்கம் யாரோ ஒருவரின் வீடு வெளியே போகும். 2021 அக்டோபரில் கூட்டத்திலிருந்து பொதுமக்கள் உறுப்பினர்கள் மூவர் எழுந்து போனார்கள். ஆணையம் ஒரு வரைபடம்கூடக் கொடுக்காமல் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் பயந்த அந்த மாநில உச்ச நீதிமன்றம்தான் வேலையை முடித்தது. கட்சிக்கு ஒருவராக பெர்னார்ட் குரோஃப்மன், ஷான் ட்ரெண்டே என்ற இருவரை அமர்த்தி, சேர்ந்து ஒரே வரைபடம் போடுங்கள் என்று சொன்னது. பதவியில் இருப்பவர்களின் வீடு எங்கே என்று பார்க்காமல் போட்டார்கள், அதனால் பல பழைய பெருச்சாளிகள் ஒரே தொகுதியில் மோதிக்கொண்டார்கள், சிலர் ஓய்வு பெற்றார்கள். 2021 டிசம்பர் இறுதியில் ஒப்புதல். அந்தக் கோடுகளில் நடந்த 2023 தேர்தலில் ஜனநாயகக் கட்சி 51-49, 21-19 என்று ஜெயித்தது. எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது.

அரசியல்வாதிகளே இல்லாத ஆணையம் வேண்டுமென்றால் மிச்சிகனைப் பாருங்கள். 2018-ல் மக்கள் 61 சதவீதம் ஓட்டுப்போட்டு அமைத்தது, 13 சாதாரணக் குடிமக்கள், குலுக்கலில் தேர்வு. அதுவும் மாசற்றது இல்லை, டெட்ராய்ட் பகுதியில் 13 தொகுதிகளை முக்கியமாக இனத்தை வைத்து வரைந்துவிட்டார்கள் என்று 2023 டிசம்பரில் கோர்ட் தள்ளிவிட்டது. ஆனால் முட்டிக்கொண்டு நிற்காமல் ஒரு வரைபடம் கொடுத்தார்கள், தவறைத் திருத்தவும் செய்தார்கள். ஆகவே அடுத்த முறை யாராவது சுயேச்சை ஆணையம் வேண்டுமென்று கையெழுத்து வாங்க உங்கள் வாசலுக்கு வந்தால், பெயரைப் பார்த்து மயங்காமல் கேளுங்கள்: உள்ளே உட்காரப்போவது யார், சமநிலை வந்தால் உடைப்பது யார், வேலை முடியாவிட்டால் யார் கைக்குப் போகும்?

2025-ல் நிலைமை இன்னும் மோசம். சென்சஸ் வருடம் இல்லாதபோதே டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாகப் பிடிக்கக் கோடு மாற்றியது, பதிலுக்குக் கலிபோர்னியா தன் ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை மக்கள் ஓட்டோடு ஒதுக்கிவைத்தது. வர்ஜீனியாவிலும் அக்டோபரில் ஜனநாயகக் கட்சி, நாடாளுமன்றத் தொகுதிகளை நடுவிலேயே மாற்ற வழிசெய்யும் திருத்தத்தை முதல் முறை நிறைவேற்றியது. 2020-ல் ஆணையத் திருத்த விஷயத்தில் யார் என்ன பேசினார்கள் என்ற வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்தன. பார்த்தால் சிரிப்பு வரும், கட்சி எதுவானாலும்.

நம் ஆட்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, கூச்சப்பட்டுச் செய்வதில்லை. கோடு போடும் காலத்தில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். ஒரே நலன் கொண்ட குடியிருப்புகளைப் பிரிக்கக்கூடாது என்று வர்ஜீனியா சட்டத்திலேயே இருக்கிறது, கட்சிச் சார்பு மட்டும் அதில் சேராது. அங்கே போய் "நாங்கள் தமிழர்கள், எங்களைப் பிரிக்காதீர்கள்" என்று சொன்னால் வரைபவருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இந்தச் சாலையிலிருந்து அந்த ஓடை வரை, பிள்ளைகள் இந்தப் பள்ளி, போகும் கோயில் இது, பேருந்துத் தடம் இது என்று சாலைப் பெயரோடு சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற தளத்தில் இலவசமாக நீங்களே வரைந்து காட்டலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளும். புதுக் கோடு வந்ததும் மாநிலத் தேர்தல் துறைத் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு எந்தத் தொகுதி என்று பாருங்கள், பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டும் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் தேர்தல் நாளுக்கு முன்பே பதிவு அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். 28-வது தொகுதியில் அந்த 147 பேரில் ஒருவரும் முன்கூட்டிக் கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை, ஆனால் கவனித்திருந்தால் சரிசெய்ய நாள் இருந்திருக்கும்.

அந்த மாமா 2023-ல் மறுபடி கூப்பிட்டார். கோர்ட் போட்ட புது வரைபடத்தில் அவரும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே தொகுதிக்கு வந்துவிட்டார்களாம். சந்தோஷம்தானே மாமா என்றேன்.

"எங்க தம்பி, இப்ப கோடு எங்க பின்பக்க வேலில போகுது. பின்வீட்டம்மா கேக்கறாங்க, என்ன சொல்றது?"