அரிதா பீங்கான்: பொடித்த கல் வெள்ளைக் கிண்ணமாவது எப்படி

ஜப்பானின் கியூஷு தீவில், சாகா மாகாணத்து அரிதாவில் செய்யப்படும் ஒரு சோற்றுக் கிண்ணத்தின் வாய் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சக்கரத்திலிருந்து இறங்கும்போது அது ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் இருந்திருக்கும். காய்வதிலும் சூளையிலும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 13 முதல் 15 சதவீதம் சுருங்கும். கன அளவில் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சுருக்கத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. 1300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிண்ணம் பாதிக் கண்ணாடியாகி இளகிவிடும். தன் எடையே தனக்குப் பாரம். பார்ப்பவர் கண் ஓவியத்தில் நின்றுவிடுகிறது. செய்பவரின் கவலையெல்லாம் இந்த இளக்கத்தைச் சமாளிப்பதில்தான்.

இதன் மூலப்பொருள் களிமண் அல்ல, கல். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர் யி சாம்பியோங் 1616இல் அரிதாவின் இசுமியாமாவில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இப்போது பெரும்பாலும் குமமோதோ மாகாணத்து அமாகுசா தீவுகளின் கல்லே பயன்படுகிறது. ஐரோப்பியப் பீங்கானுக்கு கயோலின் என்னும் வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள் என்று மூன்றை அளந்து கலக்க வேண்டும். அமாகுசா கல்லோ ஏறக்குறைய தனியாகவே போதும். அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அதோடு செரிசைட் என்னும் மிக நுண்ணிய அபிரக வகை. செரிசைட்டின் தகட்டுத் துகள்கள் ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் பிசைந்த மாவு வளைந்துகொடுக்கிறது. அதே செரிசைட்டிலுள்ள பொட்டாசியம் சூளையில் சிலிக்காவை உருகத் தூண்டுகிறது. கல்லை இடித்துப் பொடித்து, நீரில் கலக்கி, கனத்த துகள் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் நுண்துகளை வடித்து, நீரைப் பிழிந்தெடுத்தால் மண் தயார்.

சாதாரணக் களிமண்ணோடு ஒப்பிட்டால் இந்த மண்ணுக்கு இழுவை குறைவு. கொஞ்சம் அதிகம் இழுத்தாலும் கிழியும். சக்கரத்தில் ஏற்றும்போது அடிப்பகுதியை அழுத்தமாகத் தட்டி இறுக்காவிட்டால், காயும்போது நடுவில் எஸ் வடிவ விரிசல் விழும். இன்னொரு தொல்லை, திருகல். சுற்றும் விசையில் தகட்டுத் துகள்கள் ஒரே திசையில் வரிசைப்படுகின்றன; சூட்டில் அந்தத் திருகு கொஞ்சம் அவிழும். சக்கரத்தில் இழுத்த தேநீர்க் கெண்டி மூக்கின் நுனியை நேராக வெட்டினால் சூளையிலிருந்து கோணலாக வரும். அனுபவசாலி அதை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டுவார்.

ஓரளவு காய்ந்தபின் இரும்பு உளியால் சீவிச் சுவரை மெல்லிதாக்கி, அடிவளையத்தைச் செதுக்குவார்கள். சுமார் 900 டிகிரியில் முதல் சூடு. இப்போது பாத்திரம் துளைகள் நிறைந்து, நீரை வெடுக்கென உறிஞ்சும் நிலையில் இருக்கும். நீல ஓவியம் இந்தக் கட்டத்தில்தான். கோபால்ட் கலந்த கோசு என்னும் கருஞ்சாயத்தில் முதலில் கோடு வரைவார்கள். பிறகு கோட்டுக்குள் நிரப்பும் வேலை. அதற்கு நீரை நிறையக் குடிக்கும் பருத்த தூரிகை வேண்டும். பாத்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, தூரிகையை விரலால் லேசாகப் பிழிந்தால் சாயம் ஒரு சொட்டுக்குளமாய்த் தேங்கும். அந்தக் குளத்தைக் கோட்டோரமாக நகர்த்திக்கொண்டே போய், மிச்சத்தைத் தூரிகைக்கே திரும்பக் குடிக்கக் கொடுக்க வேண்டும். மயிர்நுனி பாத்திரத்தில் பட்டால் அந்த இடத்தில் கீறல்போல் திட்டு விழும். சாயம் ஓரிடத்தில் தடித்தால் நீலம் கருத்து, மேல்பூச்சும் அங்கே ஒட்டாமல் விலகும்.

அடுத்தது கிளேஸ். கண்ணாடியாக உருகும் கற்பொடியும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் இது. மரபில் சுண்ணாம்புக்காக இசு மரப்பட்டையின் சாம்பலைச் சேர்ப்பார்கள். பாத்திரத்தைச் சில நொடி முக்கி எடுத்தால் போதும். விரலின் எண்ணெய்ப்பசையோ தூசியோ இருந்தால் அங்கே பூச்சு பிடிக்காமல் ஊசித்துளை வரும். அடிவளையத்தில் மட்டும் பூச்சைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

பெரிய சூடு இனிமேல்தான். சுமார் 950 டிகிரி வரை காற்று தாராளம். உள்ளிருக்கும் கரிமம் எல்லாம் எரிந்து தீர வேண்டும். அதன்பின் காற்றைக் குறைத்து, எரிவாயுவை அரைகுறையாக எரியவிடுவார்கள். உருவாகும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் தேடி மண்ணுக்குள்ளேயே நுழைகிறது. எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் கல்லில் இரும்பு ஆக்சைடு சிறிது தங்கும். அது மஞ்சள் தட்டும் ஃபெரிக் நிலையிலிருந்து நீலச்சாயல் தரும் ஃபெரஸ் நிலைக்கு மாறுகிறது. அரிதா வெண்மையில் தெரியும் அந்தக் குளிர்ந்த சாயல் இதனால்தான். தாமதித்தால் கிளேஸ் உருகித் துளைகளை மூடிவிடும், மஞ்சள் உள்ளேயே நின்றுவிடும். அவசரப்பட்டுப் புகை அதிகமானால் கரி சிறைப்பட்டு வெள்ளை சாம்பல் நிறமாகும்.

மண் இளகும் நேரமும் இதே நேரம். அகலத் தட்டின் நடுப்பகுதி தொங்காமலிருக்க, அடிவளையத்துக்குள் அதே மண்ணில் செய்த சிறு கூம்புகளை நிறுத்துவார்கள். சுட்டபின் தட்டிவிட்டால் புள்ளித் தழும்புகள் மட்டும் மிஞ்சும். பழைய அரிதா தட்டைக் கவிழ்த்தால் அவற்றைப் பார்க்கலாம். குறை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய பாத்திரத்துக்கு அடியில் ஹமா என்னும் வட்டத் தகடும் வரும். சூளைப் பலகை சுருங்காது, பாத்திரம் சுருங்கும். இரண்டும் நேரடியாக உரசினால் அடிவளையம் இழுபட்டு வட்டம் கெடும். ஹமாவும் அதே மண் என்பதால் பாத்திரத்தோடு சேர்ந்து சுருங்குகிறது. ஒருமுறை சுருங்கியது மறுபடி சுருங்காது. ஆகவே ஒரு சூளைக்கு ஒரு ஹமா, பிறகு குப்பைக்கு. கையால் செய்த பெரிய தட்டின் விலையில் இந்தக் குப்பையும் அடக்கம்.

ஆறவிடுவதிலும் அவசரம் கூடாது. உருகாமல் மிஞ்சிய குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று கன அளவு மாறும். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால் பாத்திரம் பிளக்கும். கிளேஸ் உடலைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி கலவை அமைந்திருந்தால் உடல் அதை இறுக்கிப் பிடிக்கும். பாத்திரத்துக்குப் பலம் கூடும். தலைகீழானால் கிளேஸில் வலைவலையாக விரிசல்.

சிவப்பு, பச்சை, பொன் எல்லாம் இதற்கும் பிறகு கிளேஸ் மேல் பூசி, 800 டிகிரியையொட்டிச் சுடும் எனாமல். நீலம் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது; எனாமலோ வெளியே நிற்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரப்பொடி அதை நாளடைவில் மங்கச் செய்யும். பொன்கோடு இருந்தால் மைக்ரோவேவில் பொறி பறக்கும். பழங்காலத்து எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அப்படிப்பட்ட தட்டில் புளிப்பான உணவை வைக்காமலிருப்பதே நல்லது.

வாங்கும்போது கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பு இருந்தால் மேசையைக் கீறும். நனைத்த மென்மையான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். சமதளத்தில் வைத்து ஆடுகிறதா பாருங்கள். விரல்நகத்தால் சுண்டினால் நீண்ட கணீர் வர வேண்டும். பொத்தென்றால் எங்கோ விரிசல். கைவேலையா அச்சா என்று தெரிய உருப்பெருக்கியில் நீலத்தைப் பாருங்கள். தூரிகை நிரப்பியதில் அடர்த்தி ஏறி இறங்கும். அச்சொட்டில் பெரும்பாலும் புள்ளிவலை தெரியும், அல்லது விளிம்பைச் சுற்றி வரும் கோலம் ஓரிடத்தில் பொருந்தாமல் நிற்கும். புதுப் பாத்திரத்தை அரிசி கழுவிய நீரில் கொதிக்கவைக்கச் சொல்வது துளையுள்ள மண்பாண்டத்துக்குரிய பக்குவம். பீங்கான் ஏறத்தாழ நீரே உறிஞ்சாது. கழுவித் துடைத்து அன்றைக்கே சோறு போடலாம்.