எஸ்எஸ்எச் கேட்பது பாஸ்ஃப்ரேஸா, பாஸ்வேர்டா?

“சார், பாஸ்ஃப்ரேஸ் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேற்று வரை அதைத்தான் போட்டேன். புது கம்ப்யூட்டரில் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது.” ஓர் ஆராய்ச்சி மாணவி தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது அவர் ஏற்கெனவே நாலைந்து முறை முயன்று ஓய்ந்திருந்தார். தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலுக்காகப் பழைய மடிக்கணினியில் வைத்திருந்த சாவிக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்து, துறையில் புதிதாகக் கொடுத்திருந்த உபுண்டு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறார். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் கடைசியாக நிற்கும் வரியை அப்படியே படிக்கச் சொன்னேன். அவருடைய பயனர் பெயர், அட் குறி, சர்வரின் பெயர், அதன் பிறகு பாஸ்வேர்டு என்ற சொல். பாஸ்ஃப்ரேஸ் என்ற சொல் அந்த வரியில் எங்கும் இல்லை.

எஸ்எஸ்எச் தொல்லை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: திரை உங்களிடம் எதைக் கேட்கிறது? எஸ்எஸ்எச் சாவி ஒரு ஜோடி: பொதுச்சாவி சர்வரில் இருக்கும், ரகசியமான தனிச்சாவி உங்களிடம் இருக்கும். பாஸ்ஃப்ரேஸ் என்பது உங்கள் மேசையில் உள்ள கணினியில் இருக்கும் தனிச்சாவிக் கோப்புக்குப் போட்ட பூட்டு. அதைக் கேட்கும் வரியில் அந்தக் கோப்பின் பெயரும் சேர்ந்து வரும். நீங்கள் அடிக்கும் விடை உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை; சாவியைத் திறந்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. பாஸ்வேர்டு என்று கேட்டால் கேட்பது மறுமுனையில் உள்ள சர்வர். நீங்கள் அடிப்பது வழியில் மறையாக்கம் செய்யப்பட்டுப் போனாலும், சர்வர் அதை அடித்தபடியே பெற்றுக்கொள்கிறது. எனவே பாஸ்ஃப்ரேஸை அந்த இடத்தில் அடித்தவர், சாவியின் ரகசியத்தை இன்னொரு கணினியிடம் ஒப்படைத்துவிட்டார். 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதியதற்குக் காரணமே அங்கே வலையமைப்பில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய சம்பவம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் குழப்பத்தின் விலை புரியும். நம்முடைய மாணவியிடம், வேலை முடிந்ததும் பாஸ்ஃப்ரேஸை மாற்றிவிடச் சொன்னேன்.

அவருடைய கணினி ஏன் பாஸ்ஃப்ரேஸைக் கேட்கவே இல்லை? பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வகைக் கோப்பு முறைமைக்கு லினக்ஸின் அனுமதிக் குறிகளைச் சேமிக்கத் தெரியாது. அதன் வழியாக வந்த சாவிக் கோப்பு, அந்த டெஸ்க்டாப்பில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கக்கூடிய அனுமதியோடு இறங்கியிருந்தது. அப்படித் திறந்து கிடக்கும் தனிச்சாவியை, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் தொடுவதில்லை. அட் குறிகளால் கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கையைக் காட்டி, சாவியை ஒதுக்கிவிட்டு, அடுத்த வழியான பாஸ்வேர்டுக்குப் போய்விடுகிறது. அந்தக் கட்டத்தை மாணவி பார்த்திருக்கிறார். ஏதோ அலங்காரம் என்று கடந்துவிட்டார். சிஎச்மோட் கட்டளையால் கோப்புக்கு 600, கோப்புறைக்கு 700 என்று, உரிமையாளர் மட்டும் பயன்படுத்தும்படி அனுமதியை மாற்றியதும் பாஸ்ஃப்ரேஸ் கேட்கும் வரி வந்தது, அவர் ஞாபகமும் சரியாகவே இருந்தது.

இந்த இடத்தில் பலர் செய்யும் இரண்டு தவறுகள் எனக்கு உண்மையாகவே கவலை தருகின்றன. ஒன்று, எதற்கெடுத்தாலும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போடுவது. அது நோயையே மருந்தாகக் கொடுப்பது. மற்றொன்று, கட்டளைக்கு முன்னால், அதை நிர்வாகியாக ஓட்டும் சூடோ என்ற சொல்லைச் சேர்ப்பது. அப்படிச் செய்தால் எஸ்எஸ்எச் நிர்வாகிக் கணக்கின் கோப்புறையில் சாவியைத் தேடும். அங்கே உங்கள் சாவி இருக்காது, குழப்பம் இரட்டிப்பாகும். மீண்டும் மீண்டும் அடித்துப் பார்ப்பதும் நல்லதல்ல. சர்வரில் ஃபெயில்டுபேன் போன்ற காவல் நிரல் இருந்தால் சில தவறுகளுக்குப் பிறகு உங்கள் முகவரியையே சிறிது நேரம் தடுத்துவிடும். அப்போது இணைப்பே கிடைக்காமல், சர்வர் படுத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும்.

பாஸ்ஃப்ரேஸைத்தான் கேட்கிறது, அதையும் மறுக்கிறது என்றால் சர்வரை மறந்துவிடுங்கள். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையைச் சிறிய வை, சிறிய எஃப் என்ற இரு தெரிவுகளோடும் தனிச்சாவிக் கோப்பின் பெயரோடும் ஓட்டினால், சரியான பாஸ்ஃப்ரேஸுக்கு அது பொதுச்சாவியை ஒரு நீண்ட வரியாகக் காட்டும். தவறானதற்குத் தவறு என்று சொல்லும். இணைய இணைப்பு இல்லாமலே செய்யக்கூடிய சோதனை இது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி உண்டு. கடிதத்தைத் தமிழ்99இல் அடித்துவிட்டு அப்படியே டெர்மினலுக்கு வந்தால், விசைப்பலகை இன்னும் தமிழிலேயே இருக்கும். பாஸ்ஃப்ரேஸ் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது என்பதால், ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் தமிழ் எழுத்துகள் போய்க்கொண்டிருப்பதும் தெரியாது. நண்பர் ஒருவர் இதனால் ஒரு முற்பகல் முழுவதையும் இழந்தார். அறையில் யாரும் இல்லாதபோது ஒரு வெற்று உரைத் திருத்தியில் அடித்துப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள். மொழி, கேப்ஸ் லாக், பிரிட்டிஷ் விசைப்பலகையில் இடம் மாறும் அட் குறி என எல்லாச் சிக்கலும் ஒரே பார்வையில் வெளிப்பட்டுவிடும்.

டெர்மினலில் இல்லாமல் தனிப்பெட்டியாகத் திரை நடுவே கேள்வி வந்தால், அது மூன்றாவது பூட்டாக இருக்கலாம். உபுண்டுவில் வழக்கமாக இருக்கும் க்னோம் டெஸ்க்டாப்பில் கீரிங் என்ற சாவிக்கொத்து, நீங்கள் உள்நுழையும் பாஸ்வேர்டாலேயே திறந்துகொள்கிறது. கைரேகை வைத்து உள்ளே வந்தாலும், தானாக உள்நுழையும்படி அமைத்திருந்தாலும் அதற்கு அந்தப் பாஸ்வேர்டு கிடைக்காது. நிர்வாகி உங்கள் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தால், சாவிக்கொத்து பழைய பாஸ்வேர்டையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே சாவியின் பாஸ்ஃப்ரேஸை எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. பழைய உள்நுழைவுப் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்து, சீஹார்ஸ் செயலியில் சாவிக்கொத்தின் பாஸ்வேர்டைப் புதியதோடு பொருத்திவிட்டால் தீர்ந்தது.

சாவி திறந்துவிட்டது, ஆனாலும் சர்வர் அனுமதி மறுக்கிறது என்றால் சிறிய வி தெரிவோடு எஸ்எஸ்எச்சை ஓட்டி, எந்தச் சாவியை அது நீட்டுகிறது என்று பாருங்கள். திறந்த சாவிகளை நினைவகத்தில் வைத்திருக்கும் ஏஜென்ட் நிரலில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் ஒவ்வொன்றாக நீட்டியே வாய்ப்புகள் தீர்ந்துவிடும், ஏனெனில் சர்வரின் இயல்பான வரம்பு 6 முயற்சிகள். உங்கள் கணினியில் உள்ள எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஐடென்டிட்டீஸ்ஒன்லி என்ற வரியை இட்டு, உரிய சாவியை மட்டும் குறிப்பிடுவது இதற்கு மருந்து. கணினியைப் புதுப்பித்த மறுநாள் ஒரு பழைய சர்வர் மட்டும் மறுத்தால், 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையிலான ஆர்எஸ்ஏ சாவிக் கையொப்பம் இயல்பாக முடக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். சர்வரைப் புதுப்பிக்கக் கேளுங்கள், அல்லது ஈடி25519 வகையில் புதுச் சாவி உருவாக்குங்கள். அந்தச் சர்வர் 2014க்கு முந்தைய பதிப்பில் ஓடினால் இந்த வகையும் அதற்குத் தெரியாது.

இவ்வளவு அலைச்சலுக்குப் பின் பாஸ்ஃப்ரேஸே வேண்டாம் என்று வெறுமையாக விட்டுவிடும் சபலம் வரும். உங்கள் மடிக்கணினி ரயிலில் தொலைந்துபோனால், எடுத்தவர் கையில் உங்கள் சர்வரே இருக்கும். ஏஜென்ட்டில் சாவியைச் சேர்க்கும் எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையில் சிறிய டி தெரிவோடு 8 மணி நேரம் என்று கொடுத்தால், காலையில் ஒருமுறை அடித்தது அன்றைய வேலை முடியும்வரை போதும். அதேபோல், உதவி கேட்கும்போது தனிச்சாவிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எனக்கே பலர் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்த கணமே அந்தச் சாவி செத்துவிட்டது என்றுதான் நான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. பிரச்சினையைக் கண்டுபிடிக்கப் பொதுச்சாவியும் பிழைச் செய்தியும் போதும்.

பாஸ்ஃப்ரேஸ் உண்மையிலேயே மறந்துவிட்டால் அதை மீட்டுத் தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அதற்குப் பின்கதவு கிடையாது. ஆனால் அவசரப்பட்டுக் கணினியை அணைத்துவிடவும் வேண்டாம். முன்பே திறந்த சாவி ஏஜென்ட்டின் நினைவகத்தில் இன்னும் இருந்தால், அதை வெளியே எடுக்க முடியாது என்றாலும், அதை வைத்துச் சர்வருக்குள் நுழைய முடியும். எஸ்எஸ்எச்-ஆட்டுடன் சிறிய எல் தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். சாவி பட்டியலில் இருந்தால், இன்னொரு ஜன்னலில் புதுச் சாவியை உருவாக்கி, அதன் பொதுச்சாவியைச் சர்வரில் சேர்த்து, புதுச் சாவியால் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, பழைய சாவியின் வரியை அங்கிருந்து நீக்குங்கள்.