மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தாச்சு, போதாதா?

சேலத்தில் உயில், பவர், செட்டில்மென்ட் எழுத என்னிடம் வருகிறவர்களை நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. “நாளைக்கு நினைவு தப்பி ஐசியூவில் படுத்திருந்தால், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று உங்களுக்காக டாக்டரிடம் யார் பேசணும்?” பெரும்பாலும் வரும் பதில்: “அதான் பையனுக்குப் பவர் கொடுத்திருக்கேனுங்களே.”

அந்தப் பவர் நிலத்துக்கும் பணத்துக்கும் எழுதியது. போதாததற்கு, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துவிடும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. சரியாகத் தேவைப்படும் நேரத்தில் அது வெறும் காகிதம். வங்கி நாமினிக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நினைவு இருக்கும்வரை முடிவு உங்களுடையதுதான். வயது வந்த பெண்ணின் கர்ப்பப்பையை அகற்ற அவருடைய தாயின் சம்மதம் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நினைவு போன பிறகுதான் சிக்கல்.

குணமாகும் நம்பிக்கை இல்லாத கட்டத்தில் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. லிவிங் வில் என்கிறார்களே, அதுதான். அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், முடிந்தவரை வெளியாட்கள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவு போதும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு நடை வந்தால் முடிகிற வேலை. உங்களுக்காகச் சம்மதம் சொல்ல வேண்டியவர்களின் பெயரை அதிலேயே எழுத வேண்டும். அவர்களுக்கும் குடும்ப டாக்டருக்கும் ஒரு நகல், மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ ஒரு நகல்.

யார் பெயரை எழுதுவது என்பதில்தான் நம் ஊரில் யோசனை போதவில்லை. மூத்த மகன் என்பதற்காகவே எழுதிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். மூளையில் ரத்தக்கசிவு, வென்டிலேட்டர். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அம்மாபேட்டை மகள். பத்திரமெல்லாம் பெங்களூரு மகன் கையில். “குழாய் போட்டுப் படுக்க வைக்காதேன்னு அப்பா எங்கிட்ட சொன்னார்” என்றார் மகள். “எங்கிட்ட சொல்லலையே” என்றார் மகன். இருவர் சொன்னதும் உண்மை. அப்பா ஒரு வரி எழுதியிருந்தால் அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றிருக்காது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

நான் சொல்வது இது. தன் ஆசையை ஒதுக்கிவைத்து, உங்கள் விருப்பத்தை டாக்டர் முன்னால் தயங்காமல் சொல்லக்கூடியவர் யார் என்று பாருங்கள். மகளோ மருமகளோ தம்பியோ, யாராக இருந்தாலும் சரி. உறவு என்று யாரும் இல்லாதவர், நம்பிக்கையான தோழியைப் பாதுகாவலராக எழுதலாம் என்பது என் கருத்து.

ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காபித் தோட்டத்தோடு தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். ஆம்புலன்ஸ் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி உங்களைச் சேலம் சேர்த்ததும், அங்கே வந்து நிற்க ஆள் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களை எழுதலாம் என்பதால், சேலம் டவுனில் இருக்கும் ஒருவரையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் எழுதப்பட்டவர் தன்னிஷ்டத்துக்கு எதையும் நிறுத்திவிட முடியாது. நீங்கள் எழுதியதற்கு ஒத்துத்தான் அவர் சம்மதம் தர வேண்டும். அதற்கு முன் ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு ஒன்று பார்க்கும், பிறகு இரண்டாவது குழு ஒன்றும் பார்க்கும். “பிள்ளைகள் அவசரப்பட்டு முடித்துவிடுவார்களோ” என்று பயப்படுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். அப்புறம், மனநல சிகிச்சைக்கு 2017ஆம் வருடச் சட்டப்படி தனியாக ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், அவருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம், அதுவும் எழுத்தில்தான். மாற்றினால் பழைய நகல் யார் யாரிடம் இருக்கிறதோ, அத்தனை பேருக்கும் புதியதைக் கொடுத்துவிடுங்கள்.