கீமோ நேரத்துல பத்தியம் வைக்கிறத தயவுசெஞ்சு நிறுத்துங்க

மறுபடியும் ஒருத்தருக்கு கீமோ ஊசி போடாம திருப்பி அனுப்பியாச்சு. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து அம்மா, மார்புல கேன்சர் கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டிருக்கு, விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து, ரத்தம் குடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடந்து, கடைசியில டாக்டர் "உடம்பு தாங்காது, அடுத்த வாரம் வாங்க"ன்னுட்டாரு. எடை போட்டா போன தடவைய விட அஞ்சு கிலோ கம்மி. என்னம்மா சாப்பிடறீங்கன்னு கேட்டா அவங்க வாயத் திறக்கல, கூட வந்த மருமகதான் சொல்லுது, "சோறு, சீனி, கோழி, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டோம் மிஸ்ஸி (நர்ஸ இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க), காலையில துரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைத் தண்ணி, சாயங்காலம் பெலாலாய் காஜா மூலிகை இலை ஜூஸ்." அந்தம்மா கையத் தூக்கும்போது காப்பு முழங்கை வரைக்கும் இறங்குது, அதப் பாத்துக்கிட்டே நான் என்னத்த பதில் சொல்ல.

மருமக மேல எனக்குக் கோவம் இல்ல. மாமியாருக்காக வேலைக்கு லீவு போட்டு எஸ்டேட் எஸ்டேட்டா இலை தேடுற பொண்ணு அது. "சீனி சாப்பிட்டா கேன்சர் வளரும், பட்டினி போட்டா செத்துரும்"னு குடும்ப குரூப்ல ஃபார்வர்ட் பண்றாங்களே, அவங்க மேலதான் கோவம்.

இத ஒரு தடவை பொறுமையா கேட்டுக்குங்க. கேன்சர் செல் சாதாரண செல்ல விட நிறைய குளுக்கோஸ் இழுக்கும்ங்கிறது உண்மைதான், ஓட்டோ வார்பர்க்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1920கள்லயே கண்டுபிடிச்சது, உடம்புல கேன்சர் எங்க இருக்குன்னு பாக்கிற பெட் ஸ்கேன்கூட இத வெச்சுத்தான் வேலை செய்யுது. ஆனா நீங்க சோத்த நிறுத்தினா குளுக்கோஸ் நின்னு போகாது. மூளைக்கு அது வேணும், ரத்த அணுவுக்கு வேணும், அதனால ஈரல் சொந்தமா தயாரிக்க ஆரம்பிச்சிரும், எதுலேருந்துன்னா உங்க தசையக் கரைச்சு. கட்டிக்கு வேண்டியது கெடைச்சுக்கிட்டேதான் இருக்கும், கையும் காலும்தான் குச்சியாப் போகும். ரத்தத்துல கிருமிய எதிர்க்கிற வெள்ளை அணு கொறையறது கீமோவால, அதுக்கு வீட்டுல யாரும் பொறுப்பில்ல, ஆனா எடை எறங்கறதுல நம்ம வீட்டு அடுப்படிக்கும் பங்கு இருக்கு. கீமோ மருந்தோட அளவே உயரத்தையும் எடையையும் வெச்சுத்தான் கணக்குப் போடறோம், நீங்க ஒவ்வொரு தடவையும் இளைச்சு வந்தா நாங்க மறுபடி கணக்குப் போடணும், இல்ல தள்ளிப் போடணும். தள்ளிப் போட்டா யாருக்கு லாபம்?

இதச் சொன்னதும் இனிப்பான பால் டீ, அதான் தே தாரிக், அதுக்கு லைசன்ஸ் கெடைச்ச மாதிரி கிளம்பிடாதீங்க. நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருக்கு, வாந்திக்காகக் கீமோவோட குடுக்கிற டெக்ஸாமெத்தசோன் வேற சுகர ஏத்தும், அதனால சுகர் செக் பண்ணுங்க, மருந்த நீங்களா நிறுத்தாதீங்க. நான் சொல்றது சோறு, பருப்பு, மீனு, கோழி, தெம்பே (புளிக்க வெச்ச சோயா) பத்தி. முட்டை கண்டிப்பா வேணும், ஆனா நல்லா வெந்தது, காப்பிக்கடை அரை வேக்காடு முட்டைய கீமோ முடியற வரைக்கும் மறந்துருங்க.

இலை விஷயம். பெலாலாய் காஜாவ வெச்சு லேப்ல செல் மேல ஆராய்ச்சி நடந்திருக்கு, மனுசனுக்குக் கேன்சர் குணமாச்சுன்னு நிரூபணம் கெடையாது. துரியான் பெலாண்டாவுல அனோனாசின்னு ஒரு ரசாயனம் இருக்கு, கரீபியன் தீவுல அந்தப் பழத்தையும் இலைத் தண்ணியையும் நிறைய எடுத்தவங்களுக்கு வந்த ஒரு வகை நடுக்க வியாதியோட அதுக்குத் தொடர்பு இருக்கலாம்னு டாக்டருங்க சந்தேகப்படறாங்க. தம்புன் லீமாவ் பாலி (பம்பளிமாஸ் பழம்)கூட சில மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்துல மருந்தோட அளவக் கூட்டிரும். குழம்புல போடற மஞ்சள் ஒண்ணும் பண்ணாது, மஞ்சள் கேப்சூல் வேற கதை. எது எடுத்தாலும் பார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க. மறைக்காதீங்க, நான் திட்டுவேன்தான், ஆனா மறைச்சா இன்னும் ஜாஸ்தி திட்டுவேன்.

சாப்பிட முடியலையா, அது நிஜமான கஷ்டம், புரியுது. தாளிக்கிற வாசனையே குமட்டும், அப்ப சூடா குடுக்காம ஆற வெச்சுக் குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. வாயில இரும்பு ருசி அடிச்சா பிளாஸ்டிக் கரண்டி, வாய்ப்புண் இல்லாட்டி கொஞ்சம் எலுமிச்சை. புண்ணு இருந்தா உப்புத் தண்ணியில கொப்பளிங்க, கடையில விக்கிற எரியற மவுத்வாஷ் வேணாம். நாளு பூரா படுக்க வைக்காதீங்க, வாசல் வரைக்கும் நடந்தாக்கூட அந்த அசதிக்கு நல்லது.

இப்ப சொல்றத மட்டும் தயவுசெஞ்சு பேப்பர்ல எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுங்க. கீமோ போட்டு ஏழுலேருந்து பதினாலு நாளுக்குள்ள வெள்ளை அணு ரொம்ப எறங்கியிருக்கும், அப்ப காய்ச்சல் 38 டிகிரி தொட்டா பனடோல் மாத்திரை போட்டுட்டு காலையில கிளினிக் திறக்கட்டும்னு படுக்கக் கூடாது. நடு ராத்திரியா இருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, கவுண்டர்ல மொத வார்த்தையே "கீமோ போடறவங்க"ன்னு சொல்லுங்க. சில மணி நேரத்துல கிருமி ரத்தத்துல பரவி ஆளையே கொண்டு போயிரும். வீட்டுல தெர்மாமீட்டர் இல்லாம கைய வெச்சுப் பாக்கிறவங்கள என்ன பண்றது, வாங்கி வைங்கப்பா.

காசு இல்லாமதான் நிறைய பேரு நடுவுலயே வர்றத நிறுத்தறாங்க. 40 வயசத் தாண்டி, வீட்டுக்குக் கவர்மென்ட்டோட எஸ்தீஆர் உதவிப் பணம் வருதுன்னா பெக்கா பி40ங்கிற சுகாதார உதவித் திட்டத்துல கவர்மென்ட் ஆஸ்பத்திரி கேன்சர் ட்ரீட்மென்ட்ட முடிக்கிறவங்களுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்), போக்குவரத்துக்குத் தீபகற்பத்துல 500 வெள்ளி வரைக்கும் இருக்கு. ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கும்போதே கவுண்டர்ல ஃபார்ம் கேளுங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து என்கிட்ட கேக்காதீங்க.