நிற்கும் நாளையும் வரைபடத்தில் குறியுங்கள்

ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை மெதுவாக இழுத்தேன். வலது கையில் காகிதம் அசையவில்லை. இடது கையில் கட்டை விரல் நுனி தானாக மடங்கி முட்டுக்கொடுத்தது. அப்படியும் காகிதம் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது. எதிரே இருந்தவர் சிரித்தார். “இதுக்குத்தான் டாக்டர் வந்தேன். சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிஷம் ஆகுது.”

ஐந்து நாடுகளைச் சைக்கிளில் கடந்து, குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டிவிட்டு வந்திருந்தார் அவர். சுண்டு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன். இரண்டாவது நாட்டில் என்றார். அப்புறம் ஏன் நிறுத்தவில்லை?

“இவ்வளவு பேர் பணம் போட்டிருக்காங்களே டாக்டர்.”

விளையாட்டு மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. உல்லாசமாக ஊர் சுற்றப் போகிறவர் வலித்தால் இறங்கிவிடுவார். பந்தயத்தில் ஓட்டுபவரை நிறுத்தப் பயிற்சியாளர் இருப்பார். நல்ல காரியத்துக்காக ஓட்டுபவரை நிறுத்தத்தான் யாரும் இல்லை. கொடுத்த வாக்கு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பயணத்துக்கு முன் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் முழங்காலைப் பார்ப்பதில்லை. நாட்காட்டியைப் பார்க்கிறேன்.

பெரும்பாலும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: மொத்தம் 2400 கிலோமீட்டர், நாளுக்கு 80, ஆக 30 நாள். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. நிறைவு விழாவுக்கு மண்டபம் பேசியாயிற்று. இந்தக் கணக்கில் எதிர்க்காற்று இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, எல்லைச் சாவடியில் வீணாகும் அரை நாள் இல்லை. என் கணக்கு வேறு. ஆறு நாள் ஓட்டினால் ஏழாவது நாள் முழு ஓய்வு. அது போக, பத்து நாளுக்கு ஒரு நாள் எதற்கும் ஒதுக்காமல் சும்மா கிடக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அதே 2400 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 40 நாள் ஆகிறது. “அவ்வளவு லீவு கிடைக்காது டாக்டர்” என்பார்கள். சரி, அப்படியானால் தூரத்தைக் குறையுங்கள். நாளைக் குறைத்துத் தூரத்தை அப்படியே வைத்தால், வித்தியாசத்தை முழங்கால்தான் கட்டும்.

விசாவும் இதே கணக்கில்தான் வந்து உட்காரும். ஐரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். யூரோவெலோ 6 என்ற நெடுந்தூரச் சைக்கிள் பாதை, அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை 10 நாடுகள் வழியாகப் போகிறது. ஆனால் குறுகிய காலப் பயணிக்கு அவற்றில் 9 நாடுகளும் சேர்ந்து ஒன்றே, ஏனென்றால் அவை ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருக்கின்றன. எந்த 180 நாளை எடுத்தாலும் அந்தப் பகுதிக்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பிரான்சில் தங்கிய நாளும் ஹங்கேரியில் தங்கிய நாளும் ஒரே கணக்கில்தான் ஏறும். நடுவில் வரும் செர்பியா மட்டும் வெளியே நிற்கிறது. விசா தேவைப்படும் பாஸ்போர்ட்டில் ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவை வாங்கிக்கொண்டு போனால், செர்பியாவுக்குள் போன பிறகு ருமேனியாவுக்குள் நுழைய முடியாது. ஒரு மருத்துவன் ஏன் விசா பேசுகிறேன் என்று தோன்றலாம். தேதி முடிகிறதே என்ற பயத்தில் நாளுக்கு 80 ஓட்டியவர் 130 ஓட்டும் வாரத்தில்தான் குதிகால் தசைநார் வீங்குகிறது. அது கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும்.

இப்போது கைக்கு வருவோம். உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கமாக, மணிக்கட்டை ஒட்டி ஒரு குறுகிய வழி இருக்கிறது. அல்நார் நரம்பு அதன் வழியாகத்தான் விரல்களுக்குப் போகிறது. நாளுக்கு ஆறு, ஏழு மணி நேரம் ஹேண்டில்பாரில் உடம்பின் பாரத்தை அந்த இடத்தில் வைத்து அழுத்தினால், கூடவே சாலையின் அதிர்வும் சேர்ந்தால், நரம்பு நசுங்குகிறது. முதலில் சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரக்கும். பொருட்படுத்தாமல் ஓட்டினால் விரல்களை விரிக்கும் சின்னத் தசைகள் பலம் இழக்கும். சாவியைத் திருப்ப முடியாது, பொத்தான் போட முடியாது. சரியாக வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

நான் சொல்லும் விதி எளிது. மரத்துப்போனது இறங்கிய கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டால், கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், மணிக்கட்டைப் பின்னால் மடக்காமல் நேராக வையுங்கள். மறுநாள் காலையிலும் மரத்தே இருந்தால் அன்று சைக்கிளைத் தொடாதீர்கள். பிடி தளர்ந்துவிட்டது என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தினமும் படுக்கப் போகும் முன் அந்தக் காகிதச் சோதனையைச் செய்துபார்க்க அரை நிமிடம் போதும். தடிமனான கையுறையும் அகலமான டயரும் உதவும். ஆனால் கையுறை போட்டுவிட்டோமே என்று ஒரே இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் வலியில் பாதி விமான நிலையத்தில் பிறக்கிறது என்பேன். மாதக்கணக்கில் பழகி, சீட் உயரத்தைச் சரியாக அமைத்திருப்பார்கள். விமானத்தில் ஏற்ற சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைப்பார்கள். இறங்கியதும் அவசரத்தில் பூட்டும்போது சீட் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் முழங்காலின் முன்பக்கம் எரியும். பிரிப்பதற்கு முன் சீட் கம்பத்தைச் சுற்றி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் இந்தக் கதையே இல்லை. முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். எல்லா வலிக்கும் இது பொருந்தாது, முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பைகளை ஏற்றிய சைக்கிளில் மேட்டில் ஏறும்போது வீரம் காட்டாமல் லேசான கியரில் வேகமாகச் சுழற்றுங்கள். சமதளத்தில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்பது முழங்காலுக்கு இதமான வேகம். பயிற்சியும் பைகளோடுதான் நடக்க வேண்டும். ஞாயிறு மட்டும் 120 கிலோமீட்டர் ஓட்டிப் பழகுவதைவிட, நான்கு நாள் தொடர்ந்து 70 ஓட்டிப் பழகுவது மேல். இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் உட்காரும்போது உடம்பு என்ன சொல்கிறது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீட் என்றதும் எல்லோரும் வெட்கப்பட்டு மறைக்கும் விஷயத்துக்கும் வந்துவிட்டோம். உட்காரும் இடத்துப் புண் பல பயணங்களை முடித்துவைத்திருக்கிறது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது. தையல் உரசும், வியர்வை தேங்கும். இறங்கியதும் அந்தக் கால்சட்டையிலேயே உட்கார்ந்து கதை பேசாதீர்கள். கழுவி, உலர்ந்த துணி மாற்றுங்கள். மூன்று கால்சட்டை இருந்தால் ஈரமானதைப் போட வேண்டிய நிலை வராது. பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போனால் அது இன்னொரு நரம்பின் எச்சரிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், சீட் முனையின் சாய்வைப் பாருங்கள். பெண்களுக்கும் இது வரும். அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் சொல்கிறார்கள்.

தண்ணீர் குடிக்காமல் மயங்குபவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைபவர்களைப் பற்றித் தெரிவதில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வெயில் மயக்கம் போலவே இருக்கும். கூட வருகிறவர் இன்னும் தண்ணீர் கொடுப்பார், நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புச் சத்தும் உணவும் சேரட்டும். நாள் முழுக்க ஓட்டிய பிறகு எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள்.

உயரமான பாதை என்றால் தனிக் கவனம். மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலையில் அக்-பைடால் கணவாய் 4655 மீட்டர். 3000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இன்று இரவு தூங்கும் இடம் நேற்றைய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் இயல்பாகவே மெதுவாகத்தான் ஏறுவார். கூட வரும் வேன்தான் வம்பு. களைத்துப்போய் சைக்கிளை அதில் ஏற்றிக்கொண்டு ஒரே மதியத்தில் ஆயிரம் மீட்டர் மேலே போய்ப் படுப்பவருக்குத்தான் ராத்திரி தலை பிளக்கும்.

சைக்கிளைக் கண்டால் துரத்தாத நாய் உலகில் குறைவு. ரேபிஸ் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 7 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறமும் கடித்தால் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மேற்கொண்டு போட வேண்டிய ஊசிகளுக்கு உடனே போக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஆகவே கிளம்பும் வாரத்தில் ஓடி வராதீர்கள்.

மருந்துப் பையும் எல்லை தாண்டுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சளிக்குச் சாதாரணமாக வாங்கும் சூடோஎபெட்ரின் கலந்த சில மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. டிரமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. நண்பர் கொடுத்தாரென்று அட்டையைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். வணிகப் பெயர் மட்டுமல்லாமல் மருந்தின் மூலப்பெயரும் எழுதிய மருந்துச் சீட்டோடு, வாங்கிய பெட்டியிலேயே வையுங்கள். வலி மாத்திரை விழுங்கிக்கொண்டு தினமும் ஓட்டுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. உடல் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைச் சோதிக்கும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். பல நாள் சைக்கிள் பயணம் அதில் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை, மருத்துவமனைக்கும் சொந்த நாட்டுக்கும் கொண்டுவரும் செலவைத் தருவார்களா. நிதி திரட்டும் பயணத்தை ‘ஏற்பாடு செய்த நிகழ்ச்சி’ என்று ஒதுக்கிவிடுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லை தாண்டிய முதல் நாள்களில் ஒரு சின்ன ஆபத்து உண்டு. தாய்லாந்தில் இடப்பக்கம் ஓட்டிவிட்டு லாவோசுக்குள் போனால் வலப்பக்கம். நெருக்கமான சாலையில் யாரும் தவறுவதில்லை, மற்ற வண்டிகளே வழிகாட்டும். காலையில் ஆளரவமற்ற சாலையில் விடுதியை விட்டு வெளியே வரும்போதுதான் பழைய பக்கம் இழுக்கும். கண்ணாடியையும் பக்கம் மாற்றிப் பூட்டுங்கள். அதைத் தொடும்போது நினைவு வரும்.

பணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகத் தகுதி இல்லை. பயணச் செலவு யார் பையிலிருந்து போகிறது என்பதை முதல் நாளே பகிரங்கமாகச் சொல்லிவிடுவது நல்லது என்று மட்டும் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை மருத்துவனாகவே எதிர்க்கிறேன்: கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்குவது. அப்படி வாங்கினால் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு குழந்தையின் மருந்தாகிவிடுகிறது. முழங்கால் வலித்து உட்காருவது குற்றமாகிவிடுகிறது. காரியத்துக்காகக் கொடுங்கள், தூரத்துக்காக அல்ல என்று கேளுங்கள்.

நின்றால் நன்கொடையும் நின்றுவிடும் என்று பயப்படுபவர்களிடம் டெர்ரி ஃபாக்ஸ் பற்றிச் சொல்வேன். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர். 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நாட்டில் தலைக்கு ஒரு டாலர் என்பது அவர் கனவு. 143 நாள், 5373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய நிலையில், இன்னும் பெருந்தூரம் மிச்சமிருக்க நின்றுவிட்டார். மறு கரையை அவர் தொடவேயில்லை. 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது, அவர் கேட்ட அந்தத் தலைக்கு ஒரு டாலர்.

பயணம் போகிறவர்களுக்கு நான் ஒரு தாள் கொடுப்பது வழக்கம். ரத்த வகை, ஒவ்வாமை, காப்பீட்டு எண் எல்லாம் நிரப்ப வேண்டும். கடைசி வரி: ‘நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?’ அநேகமாக எல்லோரும் தங்கள் பெயரையே எழுதுவார்கள். நான் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

பொத்தான் போட முடியாமல் வந்தவர் எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். கை தேறியிருந்தது, காகிதம் நழுவவில்லை. அடுத்த பயணத்துக்குத் தாள் கேட்டார். மூன்று நாடு, 1500 கிலோமீட்டர், 26 நாள். கடைசி வரியில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டு, பேனாவை அவர் கையில் கொடுத்தார்.