ரோக்: திருடனா, எத்தனா, கரவனா?

மாயாஜாலக் கற்பனை உலகில் நடக்கும் கணினி விளையாட்டு எதைத் திறந்தாலும், ஆட்டம் தொடங்கும் முன்பே நீங்கள் யார் என்று கேட்டுவிடும். வாளும் கேடயமும் ஏந்திய போர்வீரன் ஒருபுறம், தாடியும் தடியுமாக மந்திரவாதி ஒருபுறம். ஓரத்தில் முக்காட்டுக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, இடுப்பில் இரண்டு குறுவாள்களுடன் ஒருவர் நிற்பார். அவர் பெயர்தான் ரோக் (rogue). தமிழ்க் காதுக்கு அது ‘ரோகம்’ என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டதுபோல் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் இந்தச் சொல்லில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். நடுவே இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி ‘ரூஜ்’ (rouge) ஆக்கிவிடுகிறார்கள். அது கன்னத்தில் பூசும் சிவப்புச் சாயம்!

தமிழில் இதைப் பலரும் ‘திருடன்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லின் பிறப்பும் அதற்கு இடம் தரவில்லை, ஆட்டமும் இடம் தரவில்லை.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரோக் என்றால் ஊர் ஊராக அலைந்து பிழைப்பவன். அன்றைய நாடோடிகளுக்கும் திருடர்களுக்கும் ஒரு குழூஉக்குறி மொழி இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படிக்கும் ஏழை மாணவன் என்று பொய் சொல்லிப் பிச்சை எடுப்பவனை அதில் ‘ரோகர்’ என்றார்கள். அதிலிருந்து ரோக் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. கேட்டல், இரத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையான ‘ரொகாரே’ அதற்கும் அடியில் இருக்கலாம் என்பார்கள். 1572ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ரோக் என்று யாரையெல்லாம் பிடிக்கலாம் எனப் பட்டியலிட்டது. உரிமம் இல்லாமல் சுற்றும் நாடக நடிகர்கள், பாணர்கள், செப்பிடுவித்தைக்காரர்கள், பிச்சையெடுக்கும் மாணவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். பிடிபட்டால் சாட்டையடி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதில் துளை. ஆக, ரோக்கின் பழைய முகம் களவாடுகிறவனுடையது அல்ல. ஊருக்குள் ஒட்டாமல், தான் யாரென்று காட்டாமல் திரிகிறவனுடைய முகம் அது.

ஆட்டத்துக்குள் இந்தச் சொல் வந்ததும் நேர்வழியில் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானபோது போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்று வகைப் பாத்திரங்கள்தாம் இருந்தன. 1975இல் வந்த முதல் இணைப்பு நூல்தான் நான்காவதாக ஒருவனைச் சேர்த்தது. அப்போது அவன் பெயர் வெளிப்படையாகவே ‘திருடன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல். 1989இன் இரண்டாம் பதிப்பு ரோக் என்று ஒரு பெருங்குடும்பத்தை வகுத்து, திருடனையும் பாணனையும் அதற்குள் வைத்தது. 1572இன் சட்டமும் பாணனை ரோக்குகளோடுதான் சேர்த்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ‘திருடன்’ என்ற பெயர் போய், ரோக் என்பதே வகையின் பெயராக நிலைத்தது. திருடனை வேண்டாம் என்று ஆட்டத்தைச் செய்தவர்களே விலக்கிய பிறகு நாம் எதற்கு அவனைத் திரும்பக் கூட்டிவர வேண்டும்?

பெயர் மாறியதற்கு ஆட்டத்தின் கணக்கிலேயே பொருள் இருக்கிறது. ரோக்கின் உயிர் பிறர் பையைத் தடவுவதில் இல்லை, எதிரி எதிர்பாராத நொடியில் விழும் ஒற்றை அடியில் இருக்கிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதல் நிலையில் அந்த அடியின் வலுவைக் கூட்ட ஓர் அறுமுகப் பகடை கூடுதலாகக் கிடைக்கும். பிறகு ஒற்றைப்படை நிலை ஒவ்வொன்றிலும் ஒரு பகடை ஏறி, 19ஆம் நிலையில் பத்துப் பகடைகளாக வளரும். ஆனால் ஆட்டத்தில் ஒருவரின் முறை வந்து போவதற்குள் அதை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். அதோடு, கையில் இருப்பது குறுவாள்போல் லாவகமான ஆயுதமாகவோ வில்போல் தொலைவிலிருந்து எய்வதாகவோ இருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் முதன்முதலில் உருவாக்கிய ரோக்கின் கையில் பெரிய போர்க்கோடரியைக் கொடுத்தேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. இரண்டு நாள் ஆடியும் கூடுதல் பகடை ஒருமுறைகூட உருளவில்லை. ஆட்டத்தில்தான் பிழை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு விளக்கக் குறிப்பை நிதானமாகப் படித்தபோதுதான் பிழை என் ரசனையில் என்று தெரிந்தது. ஆகவே புள்ளிகளைப் பகிரும்போது பெரும்பங்கை லாவகத்துக்குக் கொடுங்கள், பலத்துக்கு வேண்டாம். தோல் கவசம் போதும். தகட்டுக் கவசம் அணிந்தால் மறைந்து நடப்பதற்கான இருபதுமுகப் பகடையை இரண்டு தடவை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தக் கூடுதல் அடிக்கு நீங்கள் ஒளிந்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் கூட்டாளி ஒருவர் எதிரியை ஒட்டி நின்று அவன் கவனத்தைப் பிடித்துவைத்திருந்தாலும் கிடைக்கும். மறைவு என்பது இருட்டு மட்டுமல்ல; எதிரியின் கண் வேறிடத்தில் இருப்பதும் மறைவுதான். ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு இந்தக் கணக்கை இன்னும் தாராளமாகப் போடுகிறது. உரிய திறனை வாங்கிவிட்டால், மறைந்திருந்து குறுவாளால் குத்தும் அடி 15 மடங்காகிவிடும்.

இனி, தமிழ்ச் சொல். ‘போக்கிரி’ அகராதிப்படி நெருங்கி வரும். ஆனால் போக்கிரி வந்தால் தெருவுக்கே தெரியும். நம் ஆள் வந்து போனதே தெரியக்கூடாது. ‘ஒற்றன்’ அரசனிடம் சம்பளம் வாங்குகிறவன். ‘எத்தன்’ எனக்குப் பிடித்த சொல், எத்தனுக்கு எத்தன் என்று வழக்கிலும் உயிரோடு இருக்கிறது. பேச்சுத் திறனில் புள்ளிகளைக் கொட்டி, வாயாலேயே காவலாளியை ஏய்த்து உள்ளே போகிற ரோக்குக்கு அது கச்சிதம். ஆனால் எல்லா ரோக்கும் வாய்ச்சவடால் அடிக்கிறவர்கள் அல்லர். ‘கள்வன்’ அழகான சொல்தான். இருந்தாலும் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் மயங்கி விழுந்த நாள் முதல் அந்தச் சொல்லில் குற்றத்தின் பாரம் ஏறிக்கிடக்கிறது.

சிலப்பதிகாரத்தை எடுத்த கையோடு கொலைக்களக் காதைக்கும் போக வேண்டும். கோவலனைக் கள்வன் என்று நம்பவைக்க, காவலர்களிடம் பொற்கொல்லன் களவுக் கலைக்கே ஒரு பாடம் நடத்துகிறான். ‘மந்திரம் தெய்வம் மருந்தே நிமித்தம் தந்திரம் இடனே காலம் கருவி’ என்று கள்வருக்குத் துணையாக எட்டைச் சொல்கிறான். மந்திரத்தை நாவில் உருப்போட்டால் அவர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்களாம்! இன்றைய ஆட்டத்தின் திறன் பட்டியலை அருகில் வைத்துப் பாருங்கள். மாயமாகும் மந்திரம், மயக்க மருந்து, பூட்டுத் திறக்கும் கருவி எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. பிறகு அவன் ஒரு கதையும் சொல்கிறான். ஒருவன் தூதனைப் போல வாயிலில் இருந்து, பெண் வேடத்தில் இருளில் புகுந்து, ‘விளக்கு நிழலில் துளக்கிலன் சென்று’ இளவரசனின் ஆரத்தை மின்னல்போல் பறித்தான். விழித்த இளவரசன் உடைவாளை உருவினால், இவன் உறையைக் கைப்பற்றிக் குத்தையெல்லாம் உறைக்குள்ளேயே வாங்கினான். மற்போருக்குப் பாய்ந்தால், மணித்தூண் ஒன்றை எதிரே காட்டிவிட்டு நழுவிவிட்டான். விளக்கு எரியும் இடத்திலேயே அதன் நிழலைத் தேடி நடக்கும் அந்த ஒரு வரி போதும். மறைந்து ஆடும் ஆட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான பயிற்சியை நான் பார்த்ததில்லை. இவ்வளவையும் சொல்கிற பொற்கொல்லன்தான் உண்மையான திருடன். பழியை வேறொருவன் மேல் போட்டுவிட்டுக் காவலர்களுக்கு நடுவிலேயே நிற்கிறான். எட்டுத் துணையில் தந்திரம் என்பதற்கு அவனே உரை.

இதையெல்லாம் பிணைக்கிற வினை ‘கரத்தல்’, அதாவது மறைத்தல். ஆத்திசூடியின் ‘இயல்வது கரவேல்’ என்பதில் சிறுவயதிலேயே அதைச் சொல்லிவிட்டோம். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்பதிலும் அதே வினைதான். ‘கரவு’ என்றால் மறைவு, வஞ்சகமும்கூட. ‘களவறிந்தார் நெஞ்சில் கரவு’ என்று வள்ளுவர் கடிந்தே சொல்கிறார். அந்தச் சிறு கறை இருக்கட்டும். ரோக்குக்கு அது இல்லாமல் முடியாது. ஆகவே நான் ‘கரவன்’ என்றே எழுதுகிறேன். பெண் பாத்திரமானால் கரவி, பொதுவாகச் சொல்லும்போது கரவர். மறைந்து நடக்கும் திறன் கரவு. அந்த ஒற்றை அடி கரவடி. கரவடி என்பது சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லதாக வேறொன்று வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஓரிடத்தில் மட்டும் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். 1980இல் ‘ரோக்’ என்றே ஓர் ஆட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் நிலவறைக்குள் இறங்கி ஒரு தாயத்தை எடுத்துவர வேண்டும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதன் வழியில் பிறந்த ஆட்டங்களைத்தான் ‘ரோக்லைக்’ என்கிறார்கள். அவற்றில் மறைந்து நடக்கிறவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அந்த ரோக் ஓர் ஆட்டத்தின் பெயர் மட்டுமே, அதை அப்படியே விட்டுவிடலாம்.